ஒரே அச்சு, வேறு சட்டை

நவராத்திரி நெருங்கினால் திருச்சி சிங்காரத்தோப்பு பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் கொலு பொம்மைக் கண்காட்சி களைகட்டிவிடும். தசாவதாரத்துக்கும் செட்டியார் தம்பதிக்கும் நடுவே ஒரு கிரிக்கெட் செட்டும் இடம்பிடிப்பது ஸ்ரீரங்கத்துக் கொலுப்படிகளுக்குப் புதிதல்ல. மட்டையைத் தூக்கி நிற்கும் அதே ஆட்டக்காரருக்கு வெள்ளை பூசினால் டெஸ்ட், நீலம் பூசினால் இந்திய அணி, மஞ்சள் பூசினால் சென்னை அணி. அச்சு அப்படியேதான் இருக்கும். ரோபோ பொம்மைக்காரர்களுக்கும் இது பழகிய வித்தைதான். 1984-ல் ஜப்பானின் டகாரா நிறுவன அச்சுகளை வைத்து ஹாஸ்ப்ரோ நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மைகளை இறக்கியபோது ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூவரும் ஒரே போர் விமான அச்சில் சாயம் மட்டும் மாறி வந்தவர்கள். பின்னாளில் டகாரா டோமி, நைக்கி ஷூவையே ரோபோவாக மடங்க வைத்து விளையாட்டு ரசிகர்களையும் வளைத்தது. சாயத்தை மாற்றி, பெட்டியில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று போட்டுவிட்டால் சேகரிப்பவர் விலை பார்ப்பதில்லை. பொம்மையைச் சொல்வானேன், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட்டில் திருச்சி அணியே ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது; ஊர்க்காரர்கள் கைதட்டுவது என்னவோ ‘திருச்சி’ என்ற ஒரு சொல்லுக்குத்தான். ஆனால் ரோபோ பொம்மைக்கு ஆலையில் அடிக்கும் சாயம் ஆயிரம் பெட்டியிலும் ஒன்றுபோல் இருக்கும். கொலு பொம்மைக்குக் கண் எழுதுவது கை, அதனால் ஒரே அச்சில் வந்த பதினோரு பேரும் பதினோரு விதமாகப் பார்க்கிறார்கள். லிமிடெட் எடிஷனுக்கு வாய் திறக்காமல் பணம் எடுத்து வைப்பவர்கள், பூம்புகார் வாசலில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.