முள்ளெலி செய்த குற்றம் என்ன?

ராத்திரியில் லாரி வெளிச்சத்தைக் கண்டால் நாய் ஓடும், நரி ஓடும். முள்ளெலி ஓடாது! பந்து மாதிரி சுருண்டு அங்கேயே கிடக்கும். நரியிடம் பலித்த வித்தை டயரிடம் பலிக்குமா? ரோட்டிலேயே நசுங்கிச் சாகிறது.

இங்கிலீஷில் இதன் பெயரே ‘மெட்ராஸ் ஹெட்ஜ்ஹாக்’. 1851-ல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விஞ்ஞானி பெயர் வைத்த பிராணி. நம்ம ஊர்ப் பேரைத் தாங்கிய இதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

தெற்கே தேரிக்காட்டிலும், கோவை, திருப்பூர் பக்கத்துத் தரிசிலும் திரிந்த ஜீவன் இது. தரிசெல்லாம் வீட்டு மனை ஆகிறது. ஒதுங்க இடம் இல்லை.

போதாக்குறைக்கு மூடநம்பிக்கை வேறு! முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் குழந்தைக்குக் கக்குவான் இருமல் நிற்குமாம்!

தாய்மார்களே! கக்குவானுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடுகிறார்கள். காசு கிடையாது. சாம்பலை நம்பி ஊசியைத் தவற விட்டால், முள்ளெலியின் உயிரோடு பிள்ளையின் உயிருக்கும் அல்லவா ஆபத்து?

முள்ளெலி வேறு, முள்ளம்பன்றி வேறு. இது உள்ளங்கையில் அடங்கும். கறையானையும் வண்டையும் தின்று விவசாயிக்கு உதவுகிறது. கண்டால் கல்லெறியாதீர்கள். வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். டிரைவர் அண்ணன்மாரே, காட்டு ரோட்டில் ராத்திரி கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

முள்ளும் தோலும் விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்குகிறவன் இல்லாவிட்டால் பிடிக்கிறவன் எதற்குப் பிடிக்கப் போகிறான்?