இரட்டை கேபின் பிக்கப்: தனியாளுக்குச் சுமை, கூட்டாக வாங்கினால் துணை

விளைந்த காய்கறியை வயலிலிருந்து மண்டிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் விவசாயியின் லாபத்தில் ஒரு பகுதி வண்டி வாடகையாகக் கரைந்துவிடுகிறது. வாடகை வண்டிக்காரர் வேறு நடைக்குப் போய்விட்டால், பறித்த தக்காளி வரப்பிலேயே கிடந்து வாடுகிறது. நேரம் தப்பி மண்டிக்குப் போன சரக்குக்கு விலை கிடைப்பதில்லை. ஆகவே, 'சொந்தத்தில் ஒரு வண்டி இருந்தால் என்ன?' என்ற எண்ணம் சிறு விவசாயிகளுக்கு எழுவது இயற்கையே.

அந்த எண்ணத்துக்குத் தீனி போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். 'முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும், மீதியைத் தவணையில் அடைக்கலாம்' என்று சொல்லி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். வாங்குவது ஒரு நாள் வேலை. கட்டுவது ஐந்து ஆண்டு வேலை. ஆகவே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுமுன், அதே பேனாவால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

வண்டியின் தன்மை

2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலீரோ பிக்கப் இன்று அநேகமாக எல்லா மண்டி வாசலிலும் நிற்கிறது. இவையெல்லாம் ஒற்றை கேபின் வண்டிகள். ஓட்டுபவரும் உடன் ஓரிருவரும் உட்காரலாம். பின்னால் முழுவதும் சரக்குக்கான இடம்.

இரட்டை கேபின் வண்டியில் இரண்டு வரிசை இருக்கைகளும் நான்கு கதவுகளும் உண்டு. ஓட்டுநர் உட்பட ஐந்து பேர் உட்காரலாம். அதற்குப் பின்னால் திறந்த தொட்டி. மகிந்திரா பொலீரோ கேம்பரும், டாடா யோதாவின் இரட்டை கேபின் வகையும் இத்தகையவை. ஆளுக்கு இடம் கொடுத்த அளவுக்குத் தொட்டியின் நீளம் குறைந்துவிடும். கேம்பரின் சுமைத்திறன் உத்தேசமாக ஒரு டன். 25 கிலோ பிடிக்கும் கிரேட்டில் எடைக் கணக்குப்படி 40 கிரேட். ஆனால் உள்ளே ஆட்கள் அமர்ந்தால் அவர்களுடைய எடையும் வண்டியின் மொத்த எடையில் சேரும் என்பதை மறக்கக்கூடாது.

வாழைத்தார், கரும்பு, வைக்கோல், நீளக் குழாய் ஏற்றுபவருக்கு இந்த வண்டி ஏற்றதல்ல. அவருக்கு ஒற்றை கேபினே மேல். பறிக்கும் ஆட்களும் பறித்த பொருளும் ஒன்றாகப் போய்வரும் காய்கறி, பூ விவசாயிக்குத்தான் இரட்டை கேபின் பொருந்தும்.

தொட்டியில் ஆள் ஏற்றலாமா?

சரக்கு வண்டியின் தொட்டியில் கூலிப் பெண்களை நிற்கவைத்து ஏற்றிச் செல்வது கிராமங்களில் பழகிப்போன வழக்கமாகிவிட்டது. களை எடுக்கவும் நடவுக்கும் போகிறவர்கள் இருபது பேர், முப்பது பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வளைவில் வண்டி சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படிக் கவிழ்ந்து மாண்டவர்களின் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. போன உயிருக்கு ஈடு ஏது?

உயிரிழப்போடு இன்னொரு பேரிழப்பும் இதில் ஒளிந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், சரக்கு வண்டியில் வரும் சரக்கின் உரிமையாளருக்கும் அவர் அனுப்பும் பிரதிநிதிக்கும் காப்பீட்டுப் பாதுகாப்பு அளித்தது. சும்மா ஏறி வருபவர்கள் அதில் அடங்கமாட்டார்கள். சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கம்பெனி கைவிரித்தால் இழப்பீடு யார் தலையில் விழும்? வண்டி உரிமையாளர் தலையில்தான். இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் அந்த நிலத்தை விற்றாலும் அடைக்க முடியாத தொகையாக அது இருக்கலாம்.

இரட்டை கேபினின் பின் இருக்கையை வெறும் சொகுசு என்று எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாலு ஆட்கள் கதவுக்குள் பத்திரமாக உட்கார்ந்து போவதற்காகவே அந்த இருக்கை. ஆயினும் இருக்கை இருப்பதாலேயே காப்பீடு உண்டு என்று நம்பிவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று பதிவாகியிருக்கிறது, அந்த இருக்கைகளில் அமரும் கூலியாட்களுக்குப் பாலிசியில் பாதுகாப்பு உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஐந்து பேருக்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு நடை போகலாம், அல்லது பஸ்ஸில் அனுப்பலாம். தொட்டியில் ஏற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

தனியாளின் கணக்கு

வண்டியின் அடக்கம், பதிவும் சேர்த்து, ரூ.10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரூ.3 லட்சம் கையிலிருந்து போட்டு, ரூ.7 லட்சம் கடன் வாங்குகிறார் ஒரு விவசாயி. வட்டி 11 சதவீதம், ஐந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ ரூ.15,220 கட்ட வேண்டும். ஆண்டுக்கு ரூ.1,82,640. காப்பீடு, வரி, பராமரிப்பு, டயருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ.60,000 என்று கொள்ளலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி ரூ.16,049 என்பதைக் கவனித்தால் இந்த ரூ.60,000 மிகையல்ல என்பது விளங்கும்.

ஆக, ஆண்டுச் செலவு ரூ.2,42,640. வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் ஓடினாலும் நாளொன்றுக்கு ரூ.665 தின்னும். டீசல் தனி.

சந்தை 30 கிலோமீட்டர் தூரம் என்றால் போய்வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் லிட்டர் ரூ.93 என்று கொண்டால் நடைக்கு ரூ.465 ஆகும். அதே தூரத்துக்கு வாடகை வண்டி ரூ.1,800 கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், சொந்த வண்டியில் நடைக்கு மிச்சமாவது ரூ.1,335. ஆண்டுச் செலவை இந்தத் தொகையால் வகுத்தால் 182 வருகிறது. அதாவது ஆண்டுக்கு 182 நடையாவது ஓடினால்தான் சொந்த வண்டி வாடகை வண்டிக்குச் சமமாகும். அதுவும் அவரே ஓட்டினால்தான். ஓட்டுநருக்கு நடைக்கு ரூ.500 கொடுத்தால் 291 நடை வேண்டும்.

இரண்டு ஏக்கரில் தக்காளியோ கத்தரியோ போடுபவருக்கு ஆண்டில் 50 நடை இருந்தாலே அதிகம். 50 நடைக்கு மட்டும் வண்டி வைத்திருந்தால் ஒரு நடைக்கு ரூ.5,300க்கு மேல் ஆகிவிடும். வாடகையைப் போல மூன்று மடங்கு! விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதற்குத்தான் சொல்லப்பட்டது. தக்காளி விலை சரிந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாத மாதத்திலும் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும்.

தொகையும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு விவசாயியும் தம் ஊர் வாடகையையும் தம் நடைகளையும் போட்டு இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நால்வர் சேர்ந்தால்

ஊர் கூடித் தேர் இழுப்பது போல, நாலு விவசாயிகள் சேர்ந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஆளுக்கு 50 நடை என்றால் 200 நடை. அப்போது டீசலும் சேர்த்து ஒரு நடைக்கு ரூ.1,678 ஆகும். வாடகையைவிட ரூ.122 குறைவு. 'இவ்வளவுதானா லாபம்?' என்று கேட்கலாம். தவணை ஓடும் ஐந்து ஆண்டும் அவ்வளவுதான். முன்பணத்தில் ஆளுக்கு ரூ.75,000 போட்டிருப்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தவணை முடிந்த பிறகு, பழைய வண்டியின் பராமரிப்பு உட்பட ஆண்டுச் செலவு ரூ.80,000 ஆகக் கூடினாலும், நடைக்கு ரூ.865தான் வரும். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ.46,750 மிச்சம். ஆக, வண்டி சம்பாதிக்கத் தொடங்குவது ஆறாவது ஆண்டில்தான். ஐந்தாம் ஆண்டிலேயே உருக்குலைந்து போகும்படி ஓட்டுபவர்கள் அந்தப் பலனைக் காணமாட்டார்கள்.

கூட்டு என்றால் சண்டை வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே. அதற்கு ஒரு வழி உண்டு. வாங்குமுன் ஓராண்டு, அந்த நால்வரும் சேர்ந்து வாடகை வண்டியை அமர்த்திப் பார்க்கட்டும். யார் எந்தத் தேதியில் எத்தனை கிரேட் ஏற்றினார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். வாடகை வண்டியைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாதவர்கள் சொந்த வண்டியைப் பகிரமாட்டார்கள். அந்த நோட்டிலிருந்தே உண்மையான நடைக்கணக்கும் கிடைத்துவிடும்.

பெயரளவில் ஒருவர் பேரில் வாங்கி, மற்ற மூவரும் பணம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் முன் உரிமையாளர். விபத்து நேர்ந்தாலும் பொறுப்பு அவருக்கே. எனவே உழவர் உற்பத்தியாளர் அமைப்பின் பெயரிலோ, பதிவு செய்த குழுவின் பெயரிலோ வாங்குவதே முறை. தமிழக அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தந்து பண்ணைக் கருவிகள் வாங்கச் செய்தது. உழும் கருவியைக் கூட்டாக வைத்துக்கொள்ள முடியுமானால் ஏற்றும் வண்டியையும் வைத்துக்கொள்ளலாம்.

காகித விஷயங்கள்

சரக்கு வண்டியாக மஞ்சள் போர்டில் பதிவு செய்தால்தான் வாடகைக்கு ஓட்டலாம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. சொந்த நடை இல்லாத நாளில் அக்கம்பக்கத்தார் சரக்கை ஏற்றித் தவணைக்கு வழிதேட நினைப்பவர்களுக்கு மஞ்சள் போர்டுதான் சரி. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டியதில்லை. எஃப்.சி. முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை, பிறகு ஆண்டுதோறும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண இலகு ரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் கூறி, 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது. அதிகப் பாரம் ஏற்றினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் ரூ.20,000. கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 மேற்கொண்டு.

சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை குறைந்தது என்பதற்காக மட்டும் தேவையில்லாத வண்டியை வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

டீசல் இன்ஜினின் பத்தியம்

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி சூடேறிச் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். வீட்டுக்கும் வயலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே தினமும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல், வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஓட்டிக் கரியைத் தீர்க்க வேண்டும். அதையும் தாண்டினால் பட்டறைச் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும்.

பீப்பாயில் நெடுநாள் கிடந்த டீசலையும், மண்ணெண்ணெய் கலந்த டீசலையும் ஊற்றக்கூடாது. டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் இன்ஜெக்டர் கெடும். உரமும் ஈரமும் பட்ட தொட்டியை அன்றன்றே கழுவிவிட்டால் துரு அண்டாது. ஆறாவது ஆண்டில் கிடைக்கப்போகும் பலன் இந்தச் சிறு கவனிப்புகளில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே, ஆண்டுக்கு 182 நடை தன் ஒருவன் வயலிலிருந்தே உண்டு என்று நோட்டைக் காட்டக்கூடியவர் தனியாக வாங்கலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். இந்தப் பருவ அறுவடைக்கே மூன்று நம்பிக்கையான கூட்டாளிகளைத் தேடி, ஒரு வாடகை வண்டியும் ஒரு நோட்டும் வைத்துத் தொடங்கட்டும். ஓராண்டு கழித்து அந்த நோட்டே பதில் சொல்லிவிடும்.