மலையகத்தின் எழுதப்படாத பஞ்சம்

1970 முதல் 1977 வரையான காலத்தை யாழ்ப்பாணத்து விவசாயிகள் வெங்காயமும் மிளகாயும் வாழவைத்த காலமாகவே நினைவுகூருவர். இறக்குமதித் தடை அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. பாணுக்காக வரிசையில் நின்ற நகரவாசிகளின் கதையும் பலரும் அறிந்ததே. அதே ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்ததை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

உலகச் சந்தையில் உணவு விலைகள் ஏற, 1973இல் கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தவர் வளவில் மரவள்ளி நட்டுச் சமாளித்தனர். லயத்து அறையில் வாழ்ந்தவருக்கு நடுவதற்கு நிலமேது? பலருக்குப் பிரஜாவுரிமைகூட இருக்கவில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பிழைத்தோரில் ஒரு பகுதியினர் கூலிவேலை தேடி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தனர்.

அவ்வாறு வந்த சிலருடன் நான் பேசியிருக்கிறேன். நிவாரணம் என்று அவர்கள் குறிப்பிட்டது பக்கத்து லயத்தார் பகிர்ந்த கிழங்கையும் கீரையையுமே. அந்தத் தலைமுறை இன்று மறைந்துகொண்டிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் அவர்களது நினைவுகளை இப்போதே பதிவுசெய்ய வேண்டும். எத்தனை பேர் இறந்தனர் என்பதைப் புள்ளிவிபரம் சொல்லும். யார் யாருக்குக் கைகொடுத்தனர் என்பதை அதில் தேடமுடியாது.