25 டன் ஜோராவர் டாங்கியை எந்த விமானம் தூக்கும்? சி-17 முதல் சி-130ஜே வரை ஒப்பீடு

சென்னை ஆவடியில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம், எல் அண்ட் டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய இலகுரக டாங்கி 'ஜோராவர்'. லடாக் போன்ற உயரமான எல்லைப் பகுதிகளுக்கானது. எடை 25 டன். அவசரம் என்றால் அதை விமானத்தில்தான் கொண்டு போக வேண்டும். சிக்கலே அங்கேதான்.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பது ஏன்?

ராணுவச் சரக்கு விமானங்களில் இறக்கை உடலின் மேல்பக்கம் இருக்கும். அதனால் சரக்கு அறையின் தளம் தரைக்குப் பக்கத்தில் அமையும். பின்கதவைச் சரிவாக இறக்கினால் வண்டிகள் நேராக உள்ளே ஏறிவிடும். இன்ஜின்களும் உயரத்தில் இருப்பதால் கல், மண் புகும் ஆபத்து குறைவு.

எது எவ்வளவு தூக்கும்? (அதிகபட்சம், சுமாராக)

• சி-17: 77 டன், 4 ஜெட் இன்ஜின்கள்
• ஐஎல்-76: 40 டன்னுக்கு மேல், 4 ஜெட்
• ஏ400எம்: 37 டன், 4 டர்போபிராப்
• சி-390: 26 டன், 2 ஜெட்
• சி-130ஜே: 20 டன், 4 டர்போபிராப்

அப்போ சி-17 போதுமே?

இந்தியாவிடம் இருப்பது 11 மட்டுமே. 2015-லேயே தயாரிப்பு நின்றுவிட்டதால் புதிதாக வாங்கவும் வழியில்லை. ஐஎல்-76, சிறிய ஏஎன்-32 இரண்டும் 1980-களில் வந்தவை.

டர்போபிராப்பா, ஜெட்டா?

ஜெட் வேகமானது. டர்போபிராப், குறைந்த வேகத்திலேயே நல்ல உந்துவிசை தரும். குட்டையான, கரடுமுரடான ஓடுதளத்துக்கு ஏற்றது. 2013 ஆகஸ்ட்டில் 16,614 அடி உயர தௌலத் பெக் ஓல்டியில் சி-130ஜே இறங்கிக் காட்டியது. ஆனா, அதனால் ஜோராவரைத் தூக்க முடியாது. சி-390 தூக்கும் என்றாலும் கையிருப்பு ஒரே ஒரு டன். உயரமான தளங்களில் காற்று மெலிதாக இருப்பதால் இன்ஜின் திறன் குறையும். காகிதத்தில் உள்ள எடையை அங்கே அப்படியே நம்ப முடியாது.

என்ன முடிவு வரும்?

நடுத்தர ரக விமானங்களுக்காக 2022 டிசம்பரில் விமானப்படை நிறுவனங்களிடம் தகவல் கேட்டது. சொன்ன எடை: 18 முதல் 30 டன். இந்த இடைவெளிதான் முக்கியம். 20 டன் விமானம் வந்தால் எல்லைத் தளங்களுக்கு வீரர்களும் பொருட்களும் போகலாம்; ஜோராவர் மறுபடியும் அந்த 11 சி-17, பழைய ஐஎல்-76 விமானங்களுக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.