செல்லும் வழியும் சொல்லும் கருவியும்

மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குத் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாராம். விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் நெடுந்தூரப் பயணமும் உண்டாம். "வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி வாங்கப் பணம் கேட்கிறான். செலவு ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவானே என்பதுதான் என் அச்சம். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

அச்சம் நியாயமானதே. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆயினும் வழி தெரியாமல் நாற்சந்தியின் நடுவே வண்டியை நிறுத்தித் திகைப்பதும் ஆபத்துதான். கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக எழுந்த அமைப்பு. அதன் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தை நம் கையிலுள்ள கருவி கண்டுபிடிக்கிறது. 1983 செப்டம்பரில் திசை தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இவ்வமைப்பு முழுமை பெற்றதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்தே தந்துவந்தார்கள். பிறர் கையிலுள்ள விளக்கை நம்பி எத்தனை நாள் நடப்பது? நம் நாடும் 2013 முதல் தனக்கெனக் கோள்களை ஏவி, 2016இல் அவ்வமைப்புக்கு 'நாவிக்' என்று பெயரிட்டது. இன்றைய கைபேசிகள் பலவும் பல நாடுகளின் கோள்களை ஒருசேரப் பயன்படுத்துகின்றன. திறந்தவெளியில் சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்துடன் அவை இடத்தைக் காட்டிவிடும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டுமே கோள் சொல்கிறது. நமக்கு முன்னால் சாலை இருக்கிறதா என்பதைச் சொல்வது வரைபடம். அது மனிதர் தொகுத்தது. தொகுத்த நாளோடு நின்றுவிடக் கூடியது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மீது அறுபட்டு நின்ற பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தின் ஒரு பகுதி முன்னரே வெள்ளத்தில் போயிருந்தது. அந்தச் செய்தி வரைபடத்தில் ஏறவில்லை.

சகோதரியின் மகன் அன்றாடம் செல்லும் பாதைக்கு இது மிகவும் பொருந்தும். திருமுடிவாக்கத்திலிருந்து தாம்பரம், பல்லாவரம் பக்கம் வரவேண்டுமானால் அடையாற்றைக் கடந்தே ஆகவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போது வெளியாகும் எச்சரிக்கைகளில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை ஆகிய பெயர்களைப் படித்திருப்பீர்கள். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் என்ன பாடுபட்டன என்பதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோயிற்று. ஆர்வலர்கள் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் திறந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, நீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும்படி ஒரு பக்கத்தை அமைத்தார்கள். தெருவில் நிற்கும் மனிதர் சொன்னால்தான் வரைபடத்துக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே மழைக்காலம் வருமுன்னரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனகாபுத்தூர் பக்கமாக ஒரு முறையும் திருநீர்மலை பக்கமாக ஒரு முறையும், வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியாக மற்றொரு முறையும் அவர் போய்ப் பார்த்துவிடட்டும். பாலங்கள், தாழ்வான இடங்கள், பெட்ரோல் பங்க், மருத்துவமனை ஆகியவற்றைக் கருவியில் குறித்துச் சேமித்துக்கொள்ளட்டும். இப்பகுதியின் வரைபடத்தை இணையமின்றியும் இயங்குமாறு முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது அவசியம். கோளின் சமிக்ஞைக்கு இணையம் வேண்டாம், வரைபடத்துக்குத்தான் வேண்டும். பதிவிறக்கிய வரைபடம் அப்போதைய நெரிசலைச் சொல்லாது என்பதையும் நினைவிற்கொள்க.

இனி, எதை வாங்குவது? மோட்டார் சைக்கிளுக்கென்றே கார்மின் போன்ற நிறுவனங்கள் தனிக் கருவிகள் செய்கின்றன. மழை தாங்கும், கையுறையோடு தொட்டாலும் இயங்கும், வெயிலிலும் திரை தெளிவாகத் தெரியும். ஆனால் விலை அதிகம். மாதக்கணக்கில் மலைப்பாதைகளில் திரிவோருக்கு அது ஏற்றது. தாம்பரத்துக்கும் திருமுடிவாக்கத்துக்கும் இடையே ஓடுபவருக்கு அது வீண் செலவு என்பதே என் கருத்து. சில வண்டிகளில் வழிகாட்டும் வசதி உடன் வருகிறது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020இல் மீட்டியார் 350 வண்டியுடன் அறிமுகப்படுத்திய 'டிரிப்பர்' அவற்றுள் ஒன்று. கைபேசியோடு இணைந்து, அடுத்த திருப்பத்தை ஓர் அம்புக்குறியால் மட்டும் காட்டும். கண்ணை இழுக்கும் படங்கள் இல்லாததால் எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

பெரும்பாலோருக்குக் கையிலுள்ள கைபேசியே போதும். உறுதியான ஹோல்டர், நீர் புகாத சார்ஜர், ஹெல்மெட்டுக்குள் குரல் கேட்கும் புளூடூத் கருவி ஆகிய மூன்றுக்கும் செலவிடலாம். ஹோல்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வால் கைபேசியின் கேமரா பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் ஹோல்டர்கள் கிடைக்கின்றன. பழைய கைபேசி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதையே வண்டிக்கு ஒதுக்கிவிடலாம்.

பயன்படுத்தும்போது முதலில் கவனிக்க வேண்டியது, வாகனத்தின் வகை. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இருசக்கர வாகனங்களுக்கான வழிகாட்டலை இந்தியாவில்தான் முதன்முதலில் தொடங்கியது. அதை விடுத்துக் காருக்கான வழியைக் கேட்டால், நெடும்பயணத்தில் இடறும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை உள்ளது. கார் செல்லும் வழியை நம்பிப் போனால் நுழைவாயிலில் திரும்ப வேண்டியதுதான். மறுபுறம், இருசக்கர வழியோ கார் நுழையாத சந்துகளுக்குள்ளும் அழைத்துச் செல்லும். பகலில் அது வசதி. இரவில், அதுவும் மழையில், பத்து நிமிடம் கூடினாலும் பெரிய சாலையிலேயே வருவது நல்லது. புறவழிச்சாலையும் அதன் ஓரத்துச் சர்வீஸ் சாலையும் அடுத்தடுத்து ஓடும் இடங்களில், நாம் எதில் போகிறோம் என்று கருவிக்கே குழப்பம் வரும். அவ்விடங்களில் வழிப்பலகையைப் பார்த்துச் செல்க.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வண்டி ஓட்டும்போது கைபேசியை வழி அறிவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாத வகையில். கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பதோ, ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவதோ இதில் அடங்காது. வழியை வீட்டிலேயே அமைத்து, ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். வழி மாற்ற நேர்ந்தால் ஓரமாக நிறுத்தியே மாற்ற வேண்டும்.

சகோதரிக்கு ஒரு செய்தி. தாம் இருக்கும் இடத்தை வீட்டாருக்குத் தொடர்ந்து காட்டும் வசதி இதே கைபேசியில் உண்டு. நெடும்பயணம் புறப்படுமுன் அதை உங்கள் கைபேசியோடு இணைத்துவிடச் சொல்லுங்கள். எங்கே போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும், அடிக்கடி அழைத்து "எங்கேப்பா இருக்கே?" என்று கேட்க வேண்டியிராது. வண்டி ஓடும்போது உங்கள் அழைப்பும் வராமலிருக்கும்.