மருந்தை நிறுத்தியது யார்?

எலும்புப்புரை எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கு மருந்து எழுதித் தரப்படும் பெண்களில் பலர், ஓராண்டு நிறைவதற்குள் அதை நிறுத்திவிடுகின்றனர். அறியாமை, மறதி, அலட்சியம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நோயாளியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்.

மருந்து விதிக்கும் நிபந்தனைகளைப் பார்ப்போம். பரவலாகத் தரப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை, காலை எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு குவளை தண்ணீருடன் விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் தேநீரோ உணவோ கூடாது. படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டி, ஒரு வாய் தேநீரோடு நடவுக்கோ செங்கல் சூளைக்கோ விரையும் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத்தை யார் தருவது?

எலும்பு முறியும்வரை இந்நோய் பெரும்பாலும் வலி காட்டுவதில்லை. வலிக்காத நோய்க்கு, அதுவும் வருமானமற்ற மூதாட்டியின் நோய்க்கு, வறிய குடும்பம் கடைசியாகவே செலவு செய்யும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியோ, தவணை தவறினால் முதுகெலும்புகள் முறியும் ஆபத்தையே கூட்டுகிறது. கையில் காசில்லாத ஒரு மாதம் இங்கே முதுகை முறிக்கும்.

அரசு என்ன செய்கிறது? 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் என்று தம்பட்டம் அடிக்கப்படுகிறது. ஆனால் அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கு மட்டுமே. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. வீடு திரும்பியபின் 15 நாட்களுக்கு மருந்தும் உண்டு. முறியாமல் காக்க ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டிய மாத்திரைக்கு ஒரு பைசாவும் இல்லை! தனியார் மருத்துவமனைகளுக்கு வருவாய் தருவது முறிவுதானே தவிர, தடுப்பு அல்ல.

மக்கள் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். மலிவு என்பது இலவசம் அல்ல. 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோரின் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய் மட்டுமே. அதில் சோறு உண்பதா, மாத்திரை வாங்குவதா?

வழி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து வழங்கும் திட்டத்தை ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்றே தொடங்கியது. தேவைப்படுவது அரசியல் உறுதியே. எலும்புப்புரை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவும் இடையறாமலும் கிடைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைதோறும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டும். தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்நோயைச் சேர்க்க வேண்டும். வீடுதேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கக்கூடிய ஆஷா ஊழியர்களை ஊக்கத்தொகையில் தவிக்கவிடாமல் நிரந்தரப்படுத்த வேண்டும். முதியோர் ஓய்வூதியம் வாழ்வதற்குப் போதுமானதாக உயர வேண்டும்.

மாதர் அமைப்புகளும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கிராமந்தோறும் கொண்டுசெல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் சுமை தூக்கித் தேய்ந்த எலும்புகளுக்கு மருந்து கேட்பது சலுகை அல்ல, உரிமை.