காரணம் தெரியாமல் திருத்தம் எதற்கு?

வீட்டில் கணனி வைத்திருப்பது ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் விடயமாக இருந்தது. இன்று நிலைமை அப்படியல்ல. பகல் முழுவதும் கடையில் நிற்பவர் இரவில் வீட்டுக் கணனியில்தான் கடன் கணக்குகளைப் பதிகிறார். வீட்டிலிருந்தே கேக், தையல் ஓடர்களை எடுக்கும் பெண்கள் வாடிக்கையாளர் விபரங்களை அதில்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பாடங்களும் அதற்குள்தான். இப்படிப்பட்ட கணனி வேலையின் நடுவே நின்றுபோவதும், தானாகவே ரீஸ்டார்ட் ஆவதும் வியாபார நட்டம். அதனால்தான் இதனை வர்த்தகப் பக்கத்தில் எழுதுகிறேன்.

அடிக்கடி நின்றுபோகும் கணனியைக் கடைக்குக் கொண்டு சென்றால் எம்மில் பலருக்குக் கிடைக்கும் பதில் இரண்டுதான். ஒன்று, "ஃபோமட் பண்ண வேண்டும்". மற்றையது, "ரேம் போய்விட்டது, மாற்ற வேண்டும்". பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே இந்தப் பதில் வந்துவிடுகிறது.

சென்ற வருடம் எனது வீட்டுக் கணனிக்கும் இதுவே நடந்தது. முதலில் ஃபோமட் செய்தார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் பழைய கதை. பிறகு ரேம் மாற்றினார்கள். பத்து நாட்கள் கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை மதர்போட் என்றார்கள். அந்தக் கடையின் பெயர் இங்கு தேவையில்லை. கணனியை வேறொரு திருத்துநரிடம் கொடுத்தேன். அவர் முதலில் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எந்த நேரத்தில் நிற்கிறது? நிற்கும்போது திரையில் ஏதும் எழுத்து வருகிறதா? இந்தப் பிரச்சினை தொடங்குவதற்கு முன்னர் புதிதாக எதையாவது பூட்டினீர்களா, பதிந்தீர்களா? பிறகு தன்னிடமிருந்த வேறொரு பவர் சப்ளையைப் பூட்டி ஒரு நாள் முழுவதும் ஓட விட்டார். கணனி நிற்கவில்லை. பழுது பவர் சப்ளையில்தான் இருந்தது. மதர்போட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவு.

அந்த மூன்று கேள்விகளில்தான் திருத்தத்தின் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது. கணனி எந்த எழுத்தும் காட்டாமல், சுவிட்சை அணைத்தது போல் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தையும் வெப்பத்தையும்தான். விண்டோஸ் தனது பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்று எழுதி வைத்திருக்கும். முறைப்படி மூடப்படாமல் கணனி நின்றது என்பதே இதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. எமது நாட்டின் மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் மலிவான பவர் சப்ளைகள் நீண்ட காலம் தாங்குவதில்லை. யுபிஎஸ் பெட்டரி பழையதென்றால், மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலே கணனியும் நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடி, வேலை கூடியதும் நிற்குமானால் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். புரொசசரின் மேலுள்ள விசிறியில் தூசு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

நீலத் திரை வந்து நின்றால் விடயம் வேறு. (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அது கறுப்புத் திரை.) அதிலுள்ள எழுத்துக்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழை வருமானால் ரேமைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகம் தீர்ப்பாகாது. ரேமைச் சோதிக்கும் வசதி விண்டோஸிலேயே உண்டு. 'மெம்டெஸ்ட் 86' என்ற மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் இரவு ஓட விட்டால் போதும். எப்போதும் ஒரே கோப்பின் பெயருடன் ஒரே பிழை வருமானால், பெரும்பாலும் அது ஒரு ட்ரைவர் மென்பொருளின் கோளாறு. கோப்புகள் திறக்கத் தாமதமாகி, கணனி உறைந்து நிற்குமானால் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். இங்கு முதல் வேலை சோதனையல்ல, கோப்புகளைப் பிரதி எடுப்பது.

ஒரு முறைதானே நின்றது என்று விட்டுவிடுவதும் சரியல்ல. மைக்ரோசொப்ட் நிறுவன ஆய்வாளர்கள் சுமார் பத்து இலட்சம் பாவனையாளர் கணனிகளின் பழுதுகளை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வன்பொருள் கோளாறினால் ஒரு தடவை நின்ற கணனி மீண்டும் நிற்பதற்கான வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடலாம் என்று அது கூறியது. அப்படிப்பட்ட பழுது ஃபோமட் செய்வதால் தீராது.

ஊகம் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு 2024ஆம் ஆண்டு ஒரு பாடம். இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் சிலவற்றில் கணனி அடிக்கடி நின்றது. திரையில் வந்த செய்தியோ, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றது. எனவே பலரும் கிராபிக்ஸ் கார்டைக் குறை கூறினார்கள். உண்மையில் புரொசசர் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைப் பெற்றுப் பாதிக்கப்பட்டிருந்தது. இன்டெல் அதனை ஏற்றுக்கொண்டு, அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் திருத்தத்தை வெளியிட்டதுடன், உத்தரவாதக் காலத்தையும் இரண்டு வருடங்களால் நீடித்தது. ஊகத்தை நம்பியவர் புதிய கார்ட் வாங்கியிருப்பார், கணனியோ தொடர்ந்தும் நின்றிருக்கும்.

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, அதனால்தான் நிற்கிறது, புதிய கணனி வாங்குங்கள்" என்று கூறுவோரும் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் பொதுவான ஆதரவு முடிவடைந்தது உண்மை. இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயம், அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் ஒழுங்காக ஓடிய கணனி அந்தத் திகதிக்காக நின்றுபோவதில்லை.

இந்த ஊகத் திருத்தம் ஏன் பரவலாக இருக்கிறது? திருத்துநர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் கூறவில்லை. குறை வியாபார முறையில் இருக்கிறது. கணனியைச் சோதித்துப் பார்ப்பதற்கு நாம் பணம் கொடுப்பதில்லை. "சும்மா பார்த்துத் தாங்க" என்கிறோம். கடைக்காரரின் இலாபம் பாகம் விற்பதிலும் ஃபோமட் செய்வதிலும்தான் இருக்கிறது. வைத்தியரைச் சனல் பண்ணும்போது, அவர் மருந்து எழுதாவிட்டாலும் கட்டணம் செலுத்துகிறோம். மருந்து விற்றால்தான் அவருக்கு வருமானம் என்றிருந்தால், நோயில்லாதவனுக்கும் மருந்து கிடைத்திருக்கும்.

எனவே கணனித் துறையில் இருக்கும் எமது சகோதரர்களுக்கு எனது ஆலோசனை இதுதான். சோதனைக்கென்று ஒரு நியாயமான கட்டணத்தை அறிவியுங்கள். என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அதே கடையில் திருத்தினால் அந்தக் கட்டணத்தைக் கழித்து விடலாம். இதனால் ஆரம்பத்தில் சிலர் வேறு கடைக்குப் போகக்கூடும். ஆனால் மூன்று தடவை பணம் கொடுத்துச் சலித்தவர் உங்களிடம்தான் வருவார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

வாடிக்கையாளர்களாகிய எமக்கும் பொறுப்பு உண்டு. கணனி நின்ற நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்குகளை வாரம் ஒருமுறையாவது வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிரதி எடுக்காமல் ஃபோமட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள், பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். சேவைகள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கையில் எந்தக் கடதாசியும் இல்லாமல் முறைப்பாடு செய்யப் போனால் எதைக் காட்டுவது?

பழுது என்னவென்று சொல்பவரின் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கப் பழகினால், தேவையில்லாத பாகங்களுக்குக் கொடுக்கும் பணம் எமது பையிலேயே மிஞ்சும்.